ஏழு ஆப்புகளும் தோளிலேயே

தாத்ரா மலையில் ஏரிக்கரை விடுதிக்குச் சாமான் சுமந்தவர்கள் எத்தனையோ பேர். இம்ரோவைவிட அதிக எடை தூக்கியவர்கள் உண்டு, அவரைவிடச் சீக்கிரம் ஏறி இறங்கியவர்களும் உண்டு. அவர் நடுத்தரம். உருளைக்கிழங்கு, நிலக்கரி, பீர்ப் பீப்பாய், முட்டை, ஒரு தடவை பல் டாக்டர் ஒருவரின் வயலின், எதைக் கொடுத்தாலும் முதுகுச் சட்டத்தில் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரத்தில் மேலே போய்ச் சேருவார். வழியில் பேச மாட்டார். சேர்ந்ததும் ஒரு கிண்ணம் பூண்டு சூப், ஒரு டம்ளர் எலுமிச்சைத் தேநீர், அவ்வளவுதான். உடனே இறங்கிவிடுவார். இருபத்தாறு வருஷம் இதுதான் பிழைப்பு.

ஆனால் ஒரு வேலையில் அவருக்கு ஈடு சொல்ல அந்தப் பள்ளத்தாக்கில் ஆள் கிடையாது. பாறை வெடிப்பில் மாட்டிக்கொண்ட ஆப்பைக் கழற்றுகிற வேலை.

எங்கள் மலை கருங்கல். சொரசொரவென்று இருக்கும், உச்சியிலிருந்து அடிவரை வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பில் கையையும் காலையும் செருகித்தான் ஏறவேண்டும். இரண்டு பேர், நடுவில் ஒரு கயிறு. முன்னால் போகிறவன் வெடிப்பில் ஒரு ஆப்பைச் செருகி, அதில் கொக்கி மாட்டி, கயிற்றை அதற்குள் போட்டுவிட்டு ஏறுவான். தவறி விழுந்தால் கடைசியாக வைத்த ஆப்பு அவனைத் தாங்கும். மேலே போய்ச் சேர்ந்ததும் அவன் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொள்ள, பின்னால் வருகிறவன் அந்த ஆப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுவான். இம்ரோ எப்போதும் பின்னால் வருகிறவர்.

ஆப்பு கடையில் கிடைக்காத காலம் அது. இம்ரோவின் மருமகன் திபோர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் கடைசல்காரன். சாப்பாட்டு நேரத்தில், மேஸ்திரி கண்ணை மூடிக்கொள்ள, அலுமினியக் கட்டையைக் கடைந்து, துளை போட்டு, கம்பி கோத்து ஆப்பு செய்வான். மொத்தம் ஏழு. சுண்டுவிரல் அகலத்தில் ஆரம்பித்து, பெரிய நட்டைக் குடைந்து செய்த ஆறுபட்டை ஆப்பு வரைக்கும். அதற்குப் 'பெரியவன்' என்று பேர். ஒன்று தொலைந்தால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. அதனால் இம்ரோ ஒன்றைக்கூட மலையில் விட்டுவிட்டு வந்ததில்லை. வளைத்த கம்பி ஒன்று இடுப்பில் தொங்கும். எவ்வளவு இறுகியிருந்தாலும் நெம்பி, தட்டி, திட்டி, எடுத்துவிடுவார். தலைநகரான பிராகாவிலிருந்து மலையேற வருகிற பையன்கள் தாங்கள் விட்டுவிட்டு வந்த ஆப்பைக் கழற்றித்தரச் சொல்லி அவருக்கு பீர் வாங்கிக் கொடுத்ததுண்டு.

"மாமா, ஒரே ஒரு தடவை நீங்க முன்னாடி போய்ப் பாருங்களேன்" என்று திபோர் வருஷத்துக்கு ஒரு முறையாவது கேட்பான்.

"முன்னாடி போறவன் யோசிக்கணும் மாப்ள. நான் யோசனையெல்லாம் அடிவாரத்துலயே முடிச்சுட்டு வர்ற ஆளு."

அந்த ஆகஸ்டில் இம்ரோவின் மகள் ஒத்திலியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ இருநூறு. தலை நிறைய முடி. அந்த அழகை என்னவென்று சொல்வது! ஆனால் பிரசவ ஆஸ்பத்திரிக்குள் ஆம்பளைகளை விடமாட்டார்கள். ஏழு நாள் தாயும் பிள்ளையும் உள்ளேதான். அப்பன்மார் கீழே முற்றத்தில் நின்று விசிலடிக்க, இரண்டாம் மாடி ஜன்னலில் தாய் வந்து துணிச்சுருள் ஒன்றைத் தூக்கிக் காட்டுவாள். திபோர் தன் மகளை அப்படித்தான் பார்த்தான். இம்ரோவும் அப்படித்தான். ஒரு மூக்கு மாதிரி ஏதோ தெரிந்தது.

"மூக்கு என்னோடது" என்றார் இம்ரோ.

"ரெண்டாம் மாடியிலருந்து மூக்கு தெரியுதா மாமா உங்களுக்கு?"

"என் மூக்கு எவ்வளவு தூரத்துலருந்தும் தெரியும்டா."

குழந்தை பிறந்தால் அப்பன் ஊருக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்துத் தானும் குடிக்கவேண்டும். திபோரைத் தொழிற்சாலைக்காரர்கள் ஐந்து நாள் விடவில்லை. ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை பத்து மணிக்கு ஒத்திலியா பிள்ளையோடு வெளியே வருகிறாள். "இன்னிக்கும் ஊர்ல இருந்தா நாளைக்கு நிக்கக்கூட மாட்டேன் மாமா. வாங்க, வெடிப்புச் சுவருக்குப் போயிட்டு வந்துடலாம். மத்தியானத்துக்குள்ள விடுதியில சூப்பு குடிக்கலாம்" என்றான் திபோர். ஒன்றும் கஷ்டமான வழி இல்லை. கயிறு எட்டுகிற தூரமாக எண்ணினால் ஐந்து கயிற்று நீளம், நல்ல நாளில் விசிலடித்துக்கொண்டே ஏறுகிற வழி. இருவரும் அதில் ஒன்பது தடவை போயிருக்கிறார்கள்.

நான்காம் கயிற்று நீளம் சுவரில் நேரே மேலே போகாது. பக்கவாட்டில் நகர்ந்து, மேஜை அகலத் திட்டு ஒன்றில் போய் முடியும். திபோர் அந்தத் திட்டில் ஏறுகிற கடைசி அடியில், ஒன்பது தடவை பிடித்த அதே கல் கையோடு வந்துவிட்டது. அவன் விழுந்தான். ஆப்பு தாங்கியது. ஆனால் வலது கை வெடிப்பில் செருகியபடியே இருக்க, உடம்பு மட்டும் சுழன்றுவிட்டது. எப்படியோ இடது கையாலேயே திட்டில் ஏறி உட்கார்ந்தான். இம்ரோ வழக்கம்போல ஆப்புகளைக் கழற்றிக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்தபோது மருமகனின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"உடைஞ்சிருச்சா?"

"இல்ல மாமா. தோள் கழண்டிருச்சு. பாருங்க, வேற யாரோட கையோ மாதிரி தொங்குது."

"வலிக்குதா?"

"இல்ல, கூச்சமா இருக்கு! கேக்குறாரு பாரு கேள்வி!"

இம்ரோ தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அந்தக் கையை மார்போடு சேர்த்துக் கட்டினார். திட்டில் பழைய ஆணி ஒன்று துருப்பிடித்து இருந்தது. பக்கத்தில் தன்னிடமிருந்த ஒரே ஆணியை அடித்து, இரண்டிலும் திபோரை வாரும் கொக்கியும் போட்டுக் கட்டினார். அப்புறம்தான் வானத்தைப் பார்த்தார். போலந்துப் பக்கத்திலிருந்து மேகம் கருநீலமாக எழும்பி, முகட்டின் மேல் குனிந்து நின்றது. காற்று சட்டென்று குளிர்ந்தது. தூரத்தில் யாரோ பீப்பாய் உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

கீழே இறங்க வழியில்லை. திட்டுக்கு அடியில் சுவர் உள்வாங்கிப் போகிறது. நாற்பது மீட்டர் கயிற்றைத் தொங்கவிட்டால் அந்தரத்தில்தான் முடியும். வந்த வழியே பக்கவாட்டில் திரும்பிப் போக இரண்டு கை வேண்டும். மேலே மட்டும்தான் வழி. ஒரே ஒரு கயிற்று நீளம், முப்பத்தைந்து மீட்டர் நேர் வெடிப்பு. அதைத் தாண்டினால் மலைக்கழுத்து, இரண்டு சிகரத்துக்கு நடுவில் தாழ்ந்த இடம். அங்கிருந்து அந்தப் பக்கம் கற்சரிவில் நடந்தே விடுதிக்குப் போய்விடலாம்.

"இங்கயே உக்காந்திருந்தா?" என்றார் இம்ரோ. "சாயங்காலம் நாம வரலைன்னா குஸ்தோ ஆள் அனுப்புவான்." குஸ்தோ விடுதிக்காரர்.

திபோரின் பற்கள் ஏற்கெனவே தாளம் போட ஆரம்பித்திருந்தன. "சாயங்காலத்துக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு மாமா. நனைஞ்சா நான் ஆறு மணி நேரம் தாங்கமாட்டேன். இடி வேற. ரெண்டு இரும்பாணியில என்னைக் கட்டி வெச்சிருக்கீங்க."

இம்ரோ அந்த இரண்டு ஆணியையும் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வாசல்ல நிக்கணும்" என்றான் திபோர். "அவளை நான் இன்னும் தொட்டுக்கூடப் பாக்கலை மாமா."

இம்ரோ தோளிலிருந்த ஆப்புச்சரத்தைச் சரிசெய்துகொண்டார். "சொல்லு. எப்படி வெக்கணும்?"

"உங்களுக்குத் தெரியாததா? தலைக்கு மேல வையுங்க. கீழ இழுத்துப் பாருங்க. கொக்கி, கயிறு. அப்புறம் ஏறுங்க. பத்தடிக்கு ஒண்ணு. பதினஞ்சு மீட்டருக்கு மேல வெடிப்பு அகலமாயிடும், தொடை போற அகலம். அங்க எதுவும் நிக்காது. அதுக்குக் கீழயே பெரியவனை வெச்சுடுங்க. அகலத்தோட முடிவுல கல் ஒண்ணு சிக்கியிருக்கும், அதைச் சுத்தி உங்க தோள்ல கிடக்கற இன்னொரு வாரைப் போடலாம். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். வைத்ததை அங்கேயே விட்டுவிட்டுப் போங்க என்று அவன் சொல்லவில்லை. அதை யாரும் சொல்ல மாட்டார்கள். சோறு ஊட்டுகிறவள் மூச்சு விடு என்றும் சேர்த்துச் சொல்வாளா?

இம்ரோ வலது கையை வெடிப்புக்குள் விட்டார். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினார். கை உள்ளே உப்பி, இறுகி, பிடித்துக்கொண்டது. புறங்கைத் தோலில் கருங்கல்லின் பொடிப்பற்கள் இறங்கின. ஒரு காலை வெடிப்பில் பக்கவாட்டில் செருகி முறுக்கி எழுந்தார். அடுத்த கை, அடுத்த கால். மலையேற ஆரம்பித்த இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிற வேலை. ஒரே வித்தியாசம், எப்போதும் தலைக்கு மேலே போகிற கயிறு இன்றைக்குக் காலுக்குக் கீழே போனது.

முதல் ஆப்பைத் தலைக்கு மேல் வைத்தார். இழுத்துப் பார்த்தார். கொக்கி, கயிறு. ஏறினார். அதற்குள் ஆலங்கட்டி விழ ஆரம்பித்துவிட்டது. பட்டாணி அளவு. வெடிப்புக்குள் உருண்டு விழுந்து, கை வைக்கிற இடத்திலெல்லாம் நிரம்பியது. கையை விடுவதற்கு முன் ஊதி, சுரண்டி, அப்புறம் விடவேண்டியிருந்தது. கீழே திபோர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, நெற்றியைப் பாறையில் முட்டுக்கொடுத்து, இடுப்பைச் சுற்றியிருந்த கயிற்றை இடது கையால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தான்.

இம்ரோவின் மனசு பாறையில் இல்லை. மகளிடம் என்ன சொல்வது என்பதிலேயே இருந்தது. ஜன்னலில் நின்று அவள் துணிச்சுருளைத் தூக்கிக் காட்டியது, 'ஞாயித்துக்கிழமை எங்கேயும் போயிடாதீங்க ரெண்டு பேரும்' என்று மேலிருந்தே கத்தியது. மனசு அங்கே போய்விட, கைகள் தங்களுக்குத் தெரிந்த வேலையைப் பார்த்தன. இரண்டாவது ஆப்பு. மூன்றாவது. நான்காவது. தொடை அகல வெடிப்பு ஆரம்பிக்கிற இடத்தில் பெரியவனையும் வைத்தார். அப்புறம் இடது தோளையும் இடது முழங்காலையும் வெடிப்புக்குள் திணித்து, புழு மாதிரி நெளிந்து நெளிந்து மேலே போனார். நாலடி, ஆறடி, ஒன்பதடி.

அங்கே கொஞ்சம் மூச்சு வாங்க நின்றபோது இடுப்பில் ஏதோ முட்டியது. சரம் விலாவுக்கும் பாறைக்கும் நடுவில் சிக்கியிருந்தது. அதைப் பின்னால் தள்ளிவிடக் கையைக் கொண்டுபோனார். விரலில் ஆறுபட்டை தட்டுப்பட்டது.

பெரியவன்.

கீழே வைத்துவிட்டு வந்த பெரியவன் தோளில் தொங்கினான்.

இம்ரோ சரத்தை விரலால் தடவினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழும் இருந்தன. கீழே பார்த்தார். அவர் இடுப்பிலிருந்து கயிறு எங்கேயும் வளையாமல், எதிலும் தொடாமல், நேராக பதினெட்டு மீட்டர் கீழே திபோரின் மடிக்குப் போனது.

தலைக்கு மேல் வைத்த ஒவ்வொரு ஆப்பும், ஏறி ஏறி இடுப்புக்கு நேராக வந்ததும், கை தானாகப் போய்க் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக இடுப்புக்கு நேராக வந்த எதையும் அந்தக் கை விட்டுவைத்ததில்லை.

இப்போது விழுந்தால் திட்டைத் தாண்டி இன்னும் பதினெட்டு மீட்டர். முப்பத்தாறு மீட்டர் விழுந்த ஆளின் முழு எடையும் ஒரு துருப்பிடித்த ஆணியிலும், தான் அவசரத்தில் அடித்த இன்னொரு ஆணியிலும் போய் இடிக்கும். அவை பிடுங்கிக்கொள்ளும். திபோரும் வருவான்.

ஏதாவது ஒன்றை இங்கேயே வைக்கலாம் என்று பெரியவனை எடுத்து வெடிப்பில் வைத்தார். கிணற்றில் எலுமிச்சம்பழம் போட்ட மாதிரி உள்ளே ஆடியது. கீழே இறங்கி ஒடுக்கமான இடத்தில் வைக்கலாம் என்று வலது காலை இறக்கித் துழாவினார். வந்த வழியெல்லாம் ஆலங்கட்டி நிரம்பி வழுவழுவென்று இருந்தது. கால் சறுக்கி ஒரு அடி இறங்கினார். தோள் வெடிப்பில் உராய்ந்து நின்றது. அதற்கு மேல் இறங்க முடியவில்லை.

"மாமா!" திபோரின் குரல் மேலே வந்தது. அவன் இப்போதுதான் தலையைத் தூக்கியிருந்தான். "மாமா, கயிறு நேரா தொங்குதே!"

"தெரியும்."

"நீங்க வைக்கவே இல்லையா?"

"வெச்சேன். எடுத்துட்டேன்."

"எதை?"

"எல்லாத்தையும்."

திபோர் ஆலங்கட்டிக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கயிற்றை அடியிலிருந்து மேல்வரை பார்த்தான்.

"டேய் மாப்ள."

"சொல்லுங்க."

"உன் இடுப்புல சுத்தின கயித்தை எடுத்து வெளிய போட்டுடு. உன் உடம்புல என் கயிறு இருக்கக் கூடாது. நீ ஆணியில கட்டியிரு. அது போதும்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியும். சொன்னதைச் செய்."

"ஒத்தைக் கையால முடிச்சு அவிழ்க்க எனக்குத் தெரியாது மாமா."

"பொய் சொல்லாதடா! அதுல முடிச்சே இல்ல, சும்மாதான் சுத்தியிருக்க!"

"அப்ப எனக்குக் குளிருது, கம்பளி மாதிரி அதுவும் கிடக்கட்டும்."

"திபோர்! பிள்ளைக்கு அப்பன் வேணும்டா!"

"தாத்தாவும் வேணும்! பேசிக்கிட்டு நிக்காதீங்க, நின்னா காலு நடுங்கும். மேல கல்லு தெரியுதா?"

இம்ரோ தன் பக்கத்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வலது கையால் இடுப்பில் துழாவி, முடிச்சின் காதைப் பிடித்து இழுத்தார். கயிறு நனைந்து ஊறி இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. முடிச்சு அசையவில்லை. தான் செய்கிறது சரியா தப்பா என்று கேட்டுக்கொள்ளக்கூட அவருக்கு நேரமில்லை. அந்தக் கயிறு இல்லாவிட்டால் திபோர் மேலே வர எது இருக்கும் என்பதும் தோன்றவில்லை. ஜன்னலில் பார்த்த அந்தத் துணிச்சுருள் மட்டும் கண்ணில் நின்றது.

இடது கால் நடுங்க ஆரம்பித்தது, தையல் மெஷின் ஊசி மாதிரி.

"கல்லு தெரியுதான்னு கேட்டேன்!"

"தெரியுது."

"எவ்வளவு தூரம்?"

"உன் உயரம். ரெண்டு தடவை."

"நான் குள்ளம் மாமா. போங்க."

இம்ரோ நெளிந்தார். முழங்காலைத் திணித்து, தோளைத் திருப்பி, வலது உள்ளங்கையால் எதிர்ச்சுவரைத் தள்ளி, ஒரு சாண். மறுபடி ஒரு சாண். மூச்சை வெளியே விட்டால் நெஞ்சு சுருங்கி உடம்பு நழுவியது, உள்ளே இழுத்தால் இறுகியது. அதனால் மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டே நகர்ந்தார். தலைக்கு மேலே முகட்டில் மின்னல் வெட்டியது. இடி காதில் அறைந்தது. பாறை அதிர்ந்ததா, தான் அதிர்ந்ததா, தெரியவில்லை. கன்னிமரியே, கன்னிமரியே என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

கல்லுக்கு ஒரு முழம் இருக்கும்போது இடது முழங்கால் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் வரவில்லை. இழுக்க இழுக்க வீங்கியது. அங்கே, பாதி உடம்பு மலைக்குள்ளும் பாதி உடம்பு வெளியிலுமாக, இம்ரோ அழுதார். ஐம்பத்து நான்கு வயது ஆள், வாயைத் திறந்து, பிள்ளை மாதிரி அழுதார்.

"மாமா, என்ன ஆச்சு?"

"முட்டி மாட்டிக்கிச்சு."

"நல்லதுதானே! மாட்டியிருக்கிற வரைக்கும் விழமாட்டீங்க!"

அழுகைக்கு நடுவில் இம்ரோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் உடம்பு கொஞ்சம் தளர்ந்தது. திபோர் சொன்னது உண்மை. மாட்டியிருக்கிற வரைக்கும் விழ முடியாது. அப்படியென்றால் இரண்டு கையும் சும்மா இருக்கின்றன. தோளிலிருந்த வாரைக் கழற்றி, நுனியைப் பல்லில் கடித்து, எட்டி, சிக்கியிருந்த கல்லுக்குப் பின்னால் விரலால் தள்ளினார். முதல் தடவை நழுவியது. இரண்டாம் தடவை விரல் மரத்துவிட்டது, வாயில் வைத்து ஊதிக்கொண்டார். மூன்றாம் தடவை வாரின் நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. பிடித்தார். முடிச்சுப் போட்டார். கொக்கி. கயிறு.

"போட்டுட்டேன்! மாப்ள, போட்டுட்டேன்!"

பிறகுதான் தெரிந்தது, கீழே திபோரும் அழுதுகொண்டிருந்திருக்கிறான்.

கால்சட்டைத் துணியும் கொஞ்சம் தோலும் போனபிறகு முழங்கால் வெளியே வந்தது. கல்லைப் பிடித்து எழுந்து அதன் மேல் ஏறினார். கொக்கி இடுப்புக்கு நேராக வந்தது. இம்ரோவின் வலது கை அதை நோக்கிப் போனது. கண்ணெதிரே போனது.

"விடு! அதை விடு நாயே!" என்று தன் கையைப் பார்த்தே கத்தினார்.

அதற்கு மேல் வெடிப்பு மறுபடி கை அகலத்துக்குச் சுருங்கியது. இன்னும் இரண்டு ஆப்பு வைத்தார். ஒவ்வொன்றையும் கடக்கும்போது கையைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்துக்கொண்டிருப்பார். மலைக்கழுத்தில் குப்புற விழுந்து, தவழ்ந்து, பீரோ அளவு பாறை ஒன்றைச் சுற்றிக் கயிற்றைக் கட்டிக்கொண்டார். அப்புறம் திபோரை ஏற்றினார். கயிற்றின் நுனியை இடுப்பு வாரில் கொக்கியால் மாட்டிக்கொண்டு, ஆணிகளை விட்டு, ஒற்றைக் கையும் இரண்டு காலுமாக அவன் வர, இம்ரோ கால் இரண்டையும் பாறையில் உதைத்துக்கொண்டு இழுத்தார். அகலமான இடத்தில் திபோர் இரண்டு தடவை நழுவினான். இரண்டு தடவையும் கயிறு இம்ரோவின் முதுகைச் சுற்றி அறுத்துக்கொண்டு நின்றது. அவன் கத்துவது கேட்டது. இம்ரோ விடவில்லை. எவ்வளவு நேரம் ஆனது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஆலங்கட்டி நின்று மழையாகி, மழை தூறலாகியிருந்தது.

திபோர் மேலே வந்து, நடந்து வந்து, பக்கத்தில் நின்றான். இம்ரோ இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா. வந்துட்டேன்."

"ம்."

"விடுங்க கயித்தை."

"ம்."

விரல்கள் பிரியவில்லை. திபோர் மண்டிபோட்டு, தன் ஒற்றைக் கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். புறங்கை இரண்டிலும் தோல் என்று ஒன்றும் இல்லை.

"ஆப்பை எடுத்துட்டு வரலை மாமா" என்றான் அவன். "மேல ரெண்டு, கல்லுல போட்ட வாரு, எல்லாம் அங்கயே இருக்கு. ஒத்தைக் கையால எடுக்க முடியலை."

"இருக்கட்டும்" என்றார் இம்ரோ.

விடுதியில் குஸ்தோ திபோரை மேஜையில் படுக்கவைத்துத் தோளை இழுத்துப் போட்டார். அவன் கத்தியது ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். இம்ரோவின் கைகளைச் சாராயம் விட்டுக் கழுவி, உருண்டை உருண்டையாகக் கட்டுப்போட்டார்கள்.

மறுநாள் பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருவரும் நின்றார்கள். ஒருவன் கழுத்தில் தொட்டில் கட்டின கை. இன்னொருவர் கையில் இரண்டு துணிப்பந்து. கக்கத்தில் பூங்கொத்து. இம்ரோவின் மனைவி வீட்டில் கோழி சூப் வைத்துக்கொண்டிருந்தாள், அவளுக்குப் பாதிதான் சொல்லியிருந்தார்கள். அங்கே வழக்கம், பிள்ளையை நர்ஸ் அப்பன் கையில் கொடுக்கவேண்டும். குண்டு நர்ஸ் ஒருத்தி துணிச்சுருளோடு வெளியே வந்து இவர்களைப் பார்த்து நின்றாள்.

"யாருப்பா அப்பன்?"

"நான்தான்."

"ஒத்தைக் கையிலயா குடுக்கிறது? இவரு யாரு?"

"தாத்தா" என்று இம்ரோ இரண்டு துணிப்பந்தையும் நீட்டினார்.

"கடவுளே! பிள்ளையை வாங்க முழுசா ஒரு ஆம்பளை கூட வரலையா இந்த வீட்டுலருந்து?"

பின்னாலேயே ஒத்திலியா வந்தாள். அப்பாவின் கையைப் பார்த்தாள். புருஷனின் தோளைப் பார்த்தாள். மலைக்காரன் மகள். கருங்கல் வெடிப்பு புறங்கையை என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

"யாரு முன்னாடி போனது?"

திபோர் வாயைத் திறப்பதற்குள் இம்ரோ சொல்லிவிட்டார். "நான்தான்மா."

"நீங்களா? ஆப்பு வெச்சீங்களா?"

இம்ரோ நடந்ததை நடந்தபடி சொன்னார். ஆப்புகளை வைத்ததை, எடுத்ததை, கயிறு நேராகத் தொங்கியதை. முடிச்சை அவிழ்க்கப் பார்த்ததையும் சொன்னார். அதைத் திபோரே அப்போதுதான் கேள்விப்பட்டான். ஒத்திலியா சுவரில் சாய்ந்துகொண்டாள். முகத்தில் ரத்தம் இல்லை. நர்ஸ் பிள்ளையோடு ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றாள்.

"ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நில்லுங்க" என்றாள் ஒத்திலியா கடைசியில். "இன்னும் நெருங்கி. திபோர், உன் நல்ல கையை நீட்டு. அப்பா, அதுக்கு அடியில உங்க முழங்கையை வையுங்க. குடுங்க சிஸ்டர்."

நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டே வைத்தாள். மூன்று கிலோ சொச்சம் இரண்டு பேரின் நடுவில் இறங்கியது. திபோர் குனிந்து முதல் தடவையாகப் பக்கத்தில் பார்த்தான். குழந்தை கொட்டாவி விட்டது. இம்ரோ மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டார், விட்டால் அசைந்துவிடும் என்று.

"இப்ப அப்படியே பஸ்ஸுக்கு நடங்க" என்றாள் ஒத்திலியா. "பாத்து. வாசல்படி இருக்கு."

இருவரும் நண்டு மாதிரி பக்கவாட்டில், ஒரு அடி, இன்னொரு அடி என்று படி இறங்கினார்கள். அவள் பின்னால் கையை நீட்டியபடி வந்தாள்.